வெள்ளை வெட்சி என்று வந்த நான்கு செடிகள்

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலுக்குப் பின்னால் 20 சென்ட் நிலம் கருவேலம் மண்டிக் கிடந்தது. 3 ஆண்டுகளுக்கு முன்பு அதைத் துப்புரவு செய்து நந்தவனம் வைப்பது என்று முடிவானது. கூட்டத்தில் ஒருவர், "வேலி ஓரம் முழுக்க வெள்ளை வெட்சி வைத்துவிடுவோம்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். வெள்ளை வெட்சி என்றால் எந்தச் செடி என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும்தான்.

ஒரு மாதத்துக்குள் நான்கு பேர் நான்கு செடிகளைக் கொண்டுவந்தார்கள். நாற்றுப் பண்ணையிலிருந்து பளபளக்கும் இலையோடு ஒரு பை. சித்தப்பா தன் தோப்பு நிழலில் நின்ற புதரிலிருந்து பதியன் போட்டு எடுத்தது ஒன்று. பூசாரி கண்மாய்க்கரையில் ஒடித்துவந்த பூங்கிளை ஒன்று. கீழத்தெரு அப்பத்தா, தன் புஞ்சை வரப்பில் நிற்கும் செடியின் விதையில் முளைத்ததாக ஒரு கன்றும், தாய்ச்செடியின் பூங்கொத்து ஒன்றும் கொண்டுவந்தார். நான்கையும் திண்ணையில் வரிசையாக வைத்தோம். அக்காள் தங்கைகள் மாதிரி ஒரே முகச்சாயல். ஆனால் ஒரே ஆள் இல்லை என்பது நின்று பார்த்தால் தெரிந்தது. கல்லூரியில் தாவரவியல் படித்தவன் என்ற பழி எனக்கு உண்டு. ஆகவே பிரித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

முகச்சாயலுக்குக் காரணம் இருக்கிறது. நான்கும் காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சிறுமலையில் காப்பிச் செடியைப் பார்த்தவர்களுக்கும், வீட்டுப் பின்புறம் மஞ்சணத்தி வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் குடும்ப அடையாளம் பழக்கமானது. இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக நிற்கும். இரண்டு காம்புகளுக்கும் நடுவே தண்டில் ஒரு சிறு முக்கோணச் செதில் ஒட்டியிருக்கும். வெள்ளைப் பூவும் எதிர் இலையும் இருந்து இந்தச் செதில் இல்லையென்றால் அது இந்தக் குடும்பமே இல்லை, மேலே படிக்க வேண்டாம்.

பெயர்கள் குழப்பத்தைக் கூட்டின. ஊருக்கு ஊர் வெட்சி, விருச்சி, இட்லிப்பூ என்று சொல்கிறோம். பேரினத்துக்கு இக்சோரா என்று தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-ல் வைத்த பெயர் நம் ஈஸ்வரனிலிருந்து போனது. இதே குடும்பத்துப் புதரான பாவட்டைக்கு வைத்த பாவெட்டா என்ற அறிவியல் பெயரும் இங்கிருந்து போனதுதான். இதுவரை சரி. ஆனால் நம் காட்டு வெள்ளை வெட்சி ஒன்றுக்கு அறிவியல் பெயர் இக்சோரா பாவெட்டா! அதாவது பெயரின் முதல் பாதி வெட்சி, இரண்டாம் பாதி பாவட்டை. செடியோ பாவட்டை அல்ல. அறிவியல் பெயர் சொல்லிக் கேட்டால் தப்பு வராது என்று அறிவுரை சொல்பவர்களை நான் இப்போதெல்லாம் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

முதலில் எளிதாக விலகியது பூசாரி கொண்டுவந்த கிளை. இதழ்களை எண்ணினேன்: ஐந்து. வெட்சிக்கும் பாவட்டைக்கும் நான்கு இதழ்கள்தான். ஐந்து இதழும், வெள்ளையாக மலர்ந்து வாடும்போது மஞ்சளேறும் பூவும் இருந்தால் அது தரணி. மதுரையைச் சுற்றிய குன்றுகளில் புதர்களுக்கிடையே தாராளமாக நிற்கும் நல்ல செடி. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கேட்டது அதுவல்ல. ஒரு கொத்தில் ஒரு பூவை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல் ஏழெட்டுப் பூக்களை எண்ணுங்கள். எந்தச் செடியிலும் ஓர் இதழ் கூடியோ குறைந்தோ ஒன்றிரண்டு பூக்கள் வரும்.

மீதி மூன்றில் சித்தப்பாவின் செடியும் அப்பத்தாவின் செடியும்தான் உண்மையான சிக்கல். இரண்டுமே நம் காட்டுச் செடிகள். இரண்டுக்கும் வெள்ளைப் பூங்கொத்து, நான்கு இதழ், மணம், பழுத்தால் கருக்கும் மணி மாதிரிப் பழம். இரண்டும் சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில், பூத்திருக்கும். சித்தப்பா தன்னுடையதுதான் அசல் என்றார். அப்பத்தா எதுவும் சொல்லாமல் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

பூ இருந்தால் பிரிப்பது ஒரு நிமிட வேலை. கொத்தைக் கண்ணுக்கு நேராக, பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு பூவின் நடுவிலிருந்தும் நூல் மாதிரி ஒரு தண்டு வெளியே நீண்டிருக்கிறதா? அது சூல்தண்டு. பாவட்டையில் இது பூவின் குழலைவிடக் குறையாத நீளத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். முழுக் கொத்தும் ஊசி குத்திவைத்த பஞ்சு மாதிரி தோன்றும். வெட்சி இனத்தில் சூல்தண்டு குழலின் வாயைத் தாண்டிச் சற்றே எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். நுனியையும் கவனிக்கலாம்: வெட்சியில் இரண்டாகப் பிளந்து பாம்பு நாக்கு மாதிரி விரியும், பாவட்டையில் பிளவில்லாமல் மெலிந்த கதாயுதம் மாதிரி இருக்கும். ஆனால் வெட்சிப் பூ அன்று மலர்ந்ததாக இருந்தால் நுனி மூடியே இருக்கும். முதலில் அந்த நுனியில் மகரந்தத்தைத்தான் ஏந்தி நிற்கிறது; பிறகுதான் விரிகிறது. இது தெரியாமல் புதுப்பூவைப் பறித்துப் பார்த்து, பிளவில்லை, ஆகவே பாவட்டை என்று முதல் நாள் நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். மறுநாள் காலையில் மாற்றினேன்.

பூ இல்லாத காலத்தில்தான் பெரும்பாலும் செடி வாங்குகிறோம். அப்போது கை கொடுப்பது இலை. பாவட்டை இலை ஒன்றைப் பறித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். இலைப்பரப்பு எங்கும் கரும்பச்சைப் புள்ளிகள் இறைந்திருக்கும். அவை நோய் அல்ல. பாக்டீரியாக்கள் குடியிருக்கும் சிறு முடிச்சுகள். 1902-லேயே விஞ்ஞானிகள் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். பயறுச் செடியின் வேர்முடிச்சு மாதிரி காற்றிலிருந்து தழைச்சத்து சேர்க்கிறது என்று வெகுகாலம் நம்பப்பட்டது; பிற்கால ஆய்வுகள் அதை ஒப்பவில்லை. எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. இந்தக் குடித்தனம் தாய்ச்செடியிலிருந்து விதை வழியாகவே பிள்ளைச்செடிக்குப் போகிறது. சீதனம் மாதிரி. ஆகவே பையில் நிற்கும் ஒரு சாண் கன்றிலும் புள்ளி இருக்கும். பூக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பூஞ்சைப் புள்ளியோடு இதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. பூஞ்சைப் புள்ளி ஓர் இலையில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. சுற்றிலும் பழுப்பு வளையம் கட்டும். பாவட்டை முடிச்சு தளிர் முதல் முதிர்ந்த இலை வரை எல்லாவற்றிலும் இருக்கும். விரலால் தடவினால் சிறு மேடாகப் படும். சித்தப்பாவின் இலையைத் தூக்கிப் பிடித்தேன். வானத்து மீன் மாதிரி அத்தனை புள்ளிகள். அது பாவட்டை. கை கால் குடைச்சலுக்கு இதே இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்துத்தான் அவர் வீட்டில் தலைமுறையாக வைத்தியம் பார்க்கிறார்கள். அந்த இலைக்கு இது பூ என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

அப்பத்தாவின் இலையில் ஒரு புள்ளிகூட இல்லை. தோல் மாதிரித் தடித்த இலை. மடித்தால் மடங்காமல் முறியப் பார்க்கிறது. பாவட்டை இலை இதைவிட மெல்லியது, காம்பும் நன்றாகத் தெரியும். இதில் காம்பு குட்டை. இலையின் அடி உருண்டோ, இலேசாக இதய வடிவில் குழிந்தோ இருக்கிறது. பூவின் குழல் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. இதழ்கள் பின்னால் மடங்கிக்கொள்கின்றன. சிறுபூ என்று பொருள்படும் பார்விஃப்லோரா என்ற பழைய அறிவியல் பெயர் இதற்குத்தான் இருந்தது. "இதற்கு உங்கள் வீட்டில் என்ன பெயர் அப்பத்தா?" என்று கேட்டேன். "சுளுந்து" என்றார். "வெட்சி என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நான் பூ வெள்ளையாக இருக்கிறதே என்று கொண்டுவந்தேன்."

சுளுந்து என்றால் தீப்பந்தம். இந்தக் குச்சி சட்டென்று பற்றி, நின்று எரியும். மின்விளக்கு வராத காலத்தில் இருட்டில் காவலுக்கும் வேட்டைக்கும் போனவர்கள் கையில் இருந்தது இதுதான். ஆங்கிலேயர்களும் இதைப் பந்தமரம் என்றுதான் எழுதிவைத்தார்கள். மேலே சொன்ன இக்சோரா பாவெட்டா இதுதான். ஆக, எங்கள் நான்கில் தாவரவியல்படி வெட்சி இனத்தைச் சேர்ந்த நம் காட்டுச் செடி இது ஒன்றே. ஊர்க்காரர்கள் மட்டும் இதை ஒருநாளும் வெட்சி என்று அழைத்ததில்லை.

நாற்றுப் பண்ணைச் செடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இலை அடியில் ஆப்பு மாதிரிக் குறுகி, பூக்குழல் 3 சென்டிமீட்டர் போல நீண்டு, வெள்ளைக் கொத்தாகப் பூத்திருந்தால் அது பெரும்பாலும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த சயாம் வெள்ளை வெட்சி. நல்ல மணம். அழகிலும் கொத்தின் பருமனிலும் நம் இரண்டு காட்டுச் செடிகளையும் அது தோற்கடித்துவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். செவ்வெட்சி வாங்கும்போதும் இதே கவனம் தேவை. நம் செவ்வெட்சியின் இலை ஏறக்குறையக் காம்பே இல்லாமல் தண்டை அணைத்தாற்போல் உட்கார்ந்திருக்கும், இதழ்நுனி கூர்மை. இதழ்நுனி மழுங்கி உருண்டிருந்தால் அது சீனத்து வெட்சி, அல்லது அதன் கலப்பு. திருப்பரங்குன்றத்து மலைச்சாரலில் சூரரமகளிர் எனும் தெய்வப் பெண்கள் வெட்சி சூடியதைப் பாடிய பழம்புலவர் அதன் காம்பு சிவப்பு என்பதுவரை கவனித்துச் சொல்லியிருக்கிறார். நாம் பண்ணையில் இலையைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் பணம் கொடுத்துவிட்டு வருகிறோம்.

இலையைத் திருப்பிப் பார்ப்பது என்பதை விளையாட்டாகச் சொல்லவில்லை. வட அமெரிக்காவின் தென்கிழக்குக் காடுகளில் வெள்ளைக் கொத்தாகப் பூக்கும் மூன்று காட்டு ஹைட்ரேஞ்சா புதர்கள் உண்டு. மேலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். இலையின் அடியைப் புரட்டினால் ஒன்று பச்சை, ஒன்று ரோமம் படர்ந்த சாம்பல், ஒன்று பால்வெள்ளை. மூன்றும் ஒரே இனமா, தனித்தனியா என்பதில் தாவரவியலாளர்களே பலகாலம் ஒத்துப்போகவில்லை. நம் பாவட்டையிலும் அப்படித்தான். இலையடியில் மெத்தென்று ரோமம் உள்ள வகை ஒன்று நம் குன்றுகளில் உண்டு. முன்பு அதைப் பாவட்டையின் ஒரு வகை என்றார்கள், இப்போது தனி இனம் என்கிறார்கள். நந்தவனத்துக்கு அந்த வழக்கு முக்கியமில்லை. இரண்டிலும் புள்ளி உண்டு, இரண்டும் நிழலில் நிற்கும்.

இனி எதை நடுவது? இங்கேதான் எங்களுக்குள் சண்டை வந்தது. கோயில் கமிட்டித் தலைவர் சயாம் வெட்சியின் பக்கம். வாங்கியது அவர் பணம். முருகன் சன்னதிக்குச் செவ்வெட்சியும் வேண்டும் என்றார். நான் மண்ணைக் கேட்போம் என்றேன்.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் வெட்சி வளர்த்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமாக இருக்கும். வைத்த ஓராண்டில் இளந்தளிர்கள் மஞ்சளாக வெளுக்கும். நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். உரம் போதவில்லை என்று சாணத்தைக் கொட்டுவோம். யூரியா போடுவோம். ஒன்றும் ஆகாது. தழைச்சத்துக் குறைவென்றால் முதலில் மஞ்சளாவது அடியிலுள்ள பழைய இலை. செடி அதிலிருந்து சத்தை உருவித் தளிருக்கு அனுப்பும். இரும்புச்சத்தை அப்படி உருவி அனுப்ப முடியாது. ஆகவே அது குறைந்தால் முதலில் வெளுப்பது தளிர். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. மண் காரமாக இருப்பதால் அது கரையாமல் கிடக்கிறது; வேர் வாய்க்கு எட்டவில்லை. வெட்சிக்குப் பிடித்தது கொஞ்சம் புளித்த மண், கார அமில எண் 7-க்குக் கீழே. எங்கள் கோயில் நிலத்தில் இரண்டடி தோண்டினால் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கல். ஆழ்குழாய்த் தண்ணீர் பிடித்துவைத்த வாளியில் வெள்ளைப் படலம். சுற்றிலும் சிமெண்டுச் சுவர். அதன் ஓரம்தான் நாங்கள் வேலிச்செடி வைக்கப்போகும் இடம். வெட்சிக்கு இதைவிடப் பொருந்தாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கொடைக்கானலில் நீலமாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சாவை ஆசையாகத் தொட்டியில் வாங்கிவந்தவர்களுக்கு இதன் இன்னொரு பக்கம் தெரிந்திருக்கும். மலையின் புளிமண்ணில் நீலமாக இருந்தது காரமான மண்ணில் இளஞ்சிவப்பாக மாறும். மதுரை வெயில் அதற்குள் அதைக் கருக்கிவிட்டால் அந்த நிறமாற்றத்தைக்கூடப் பார்க்க வாய்க்காது. அது குளிர்மலைச் செடி, சொல்லிப் பயனில்லை. வெட்சி அப்படியல்ல, வெயிலைத் தாங்கும், தண்ணீரையும் மண்ணையும்தான் தாங்காது.

சரிசெய்ய வழி உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, மாலை நேரத்தில் இலைமேல் தெளித்தால் இரண்டொரு வாரத்தில் பச்சை திரும்பும். சில மாதத்தில் மறுபடி மஞ்சள் வரும். மறுபடி தெளிக்க வேண்டும். வீட்டு வாசலில் நான்கு செடி என்றால் செய்யலாம். 200 அடி வேலிக்கு யார் தெளிப்பது? கோயில் கமிட்டியில் தீர்மானம் போடுவோர் பலர், வாளி தூக்குவோர் சிலர்.

சுளுந்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அப்பத்தாவின் வரப்பு எங்கள் நிலத்தைவிடச் சுக்கான். ஆண்டுக்கு 850 மில்லிமீட்டரை ஒட்டிய மழை, அதுவும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். மற்ற மாதங்கள் காய்ச்சல். அதில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் நின்று பூத்திருக்கிறது. ஆனால் அதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். விட்டால் சிறுமரமாகிவிடும், வேலியாக வேண்டுமென்றால் ஆண்டுக்கொருமுறை கழிக்க வேண்டும். வளர்ச்சி மெதுவு. பண்ணைகளில் எளிதில் கிடைக்காது. பூவும் மாலை கட்ட உதவாது: குழல் குட்டை, நாரில் நிற்காது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் இதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பாவட்டை நடுத்தரம். ஆளுயரத்துக்குச் சற்று மேல் போகும் புதர், மரமாகாது. மர நிழல் பிடிக்கும். திறந்த வெயிலில் கோடையில் இலை தொங்கிப் போகும். மாலையில் மணம் கூடும், இருட்டத் தொடங்கியதும் அந்துப்பூச்சிகள் வரும். பட்டாம்பூச்சிக்காகத்தான் நந்தவனம் என்பவர்கள் செவ்வெட்சியைத் தேடலாம். அந்த நீண்ட குழலில் தேனை உறிஞ்ச நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பெரிய அழகி வகைப் பட்டாம்பூச்சிகளே பெரும்பாலும் வரும். சுளுந்தின் குட்டைக் குழலுக்குத் தேனீக்களே போதும். கறுத்த பழத்துக்குக் கொண்டைக்குருவிகள் இரண்டிலும் வரும்.

முடிவு இப்படியானது. கிழக்கு, தெற்கு வேலி முழு வெயில், சுவரோரம்: அங்கே சுளுந்து, 6 அடிக்கு ஒன்று. வடக்கே இரண்டு புங்க மரங்களின் நிழல்: அங்கே பாவட்டை. செவ்வெட்சி சன்னதிக்கு எதிரே 5 செடிகள் மட்டும். சுவரிலிருந்து தள்ளி, செம்மண்ணும் இலைமக்கும் கலந்து மேடாகப் பாத்தி கட்டி, மண்டபக் கூரையின் மழைநீரைத் தொட்டியில் பிடித்து அதையே ஊற்றுவது என்ற நிபந்தனையோடு. சயாம் வெட்சி மண்தொட்டிக்குப் போனது. தலைவருக்கு மனத்தாங்கல்தான். தரணிக்கு நாங்கள் இடம் கொடுக்கவில்லை. அடுத்த மழைக்குக் குருவி எச்சத்தில் அதுவாகவே வேலியோரம் முளைத்துக்கொண்டது.

உங்கள் நிலம் சுக்கான் இல்லாத செம்மண்ணாக, கிணற்று நீர் நல்ல நீராக இருந்தால் என் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்போது செவ்வெட்சியே வேலிக்குச் சிறந்தது. கத்தரித்தால் அடர்ந்து வரும், ஆண்டின் பெரும்பகுதி பூக்கும். குடியிருப்பு மாடியில் தொட்டி வைப்பவருக்கு சயாம் வெட்சியை நானே சொல்வேன். தொட்டி மண் நம் கையில் இருக்கிறது.

கன்றுகளுக்கு அழகர்மலைக்கு மண்வெட்டியோடு போய்விட வேண்டாம். அது காப்புக்காடு, அங்கிருந்து செடி பிடுங்குவது குற்றம். 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் அப்படித்தான், பார்த்துவிட்டு வரலாம். உங்கள் ஊர் வரப்பிலும் கோயில்காட்டு ஓரத்திலும் நிற்கும் செடியில், உரியவரிடம் கேட்டு, நன்றாகக் கறுத்த பழத்தைப் பறித்து, சதையைக் கழுவிவிட்டு உடனே விதைப்பதே நல்லது. எங்களுக்கு அப்பத்தா கொடுத்த ஒரு கூடைப் பழத்தில் 40 கன்றுகள் தேறின.

இந்தச் சித்திரையில் பாவட்டை பூத்தது. சுளுந்து இடுப்பளவு நிற்கிறது, இன்னும் மொட்டுக்கூட இல்லை. செவ்வெட்சியில் இரண்டு, மழைத்தொட்டி வற்றிய மாசியில் குழாய்த் தண்ணீர் குடித்து மஞ்சளாகிவிட்டன. போன வாரம் தலைவர் தன் மருமகனை அழைத்துவந்து நந்தவனத்தைச் சுற்றிக் காட்டினார். வடக்கு மூலைக்கு வந்ததும் ஓர் இலையைக் கிள்ளி வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "பார், புள்ளி புள்ளியாக இருக்கிறதா? இதுதான் பாவட்டை" என்றார். மருமகன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அது புங்க இலை.